மரபுப் போட்டியும் மாணவ வீரரின் புகழும்

முன்னுரை

மனிதனின் பெயர் எதனால் நிலைபெறுகிறது என்னும் வினா மிகப் பழமையானது. நெடுநாள் உழைத்துச் சேர்த்த நற்செயல்களின் தொகையே புகழ் என்பார் ஒரு சாரார். நெருக்கடியான ஒரு பொழுதில் அவன் எவ்வாறு நின்றான் என்பதே அவன் பெயரை முடிவு செய்கிறது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கருத்துகளும் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் களமாக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிக் கால்பந்து விளங்குகிறது. அங்கே குவார்ட்டர்பேக் என்னும் இடத்தில் ஆடும் மாணவர், நான்கு ஆண்டுகள் ஆடி ஆயிரக்கணக்கான கெஜங்கள் பந்தை முன்னேற்றியிருக்கலாம். எனினும் அவரைப் பற்றி ஊரார் முதலில் கேட்பது, பரம்பரை எதிரணியை அவர் வென்றாரா என்பதையே. ஓர் ஆண்டில் ஒரே ஒரு நாள் நடைபெறும் ஆட்டம், ஒரு மாணவரின் பெயரை எவ்வாறு உருவாக்குகிறது, அத்தீர்ப்பு எந்த அளவிற்கு முறையானது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

கால்பந்து என்றவுடன் காலால் உதைத்து ஆடும் உருண்டைப் பந்தாட்டமே நம் நினைவிற்கு வரும். அமெரிக்கர்கள் அப்பெயரால் குறிப்பது வேறோர் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் கையால் எறிந்தும் முன்னேறுவது இதன் இயல்பு. அணிக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். களத்தின் நீளம் 100 கெஜம். இரு முனைகளிலும் பத்துப் பத்துக் கெஜ அளவில் இலக்குப் பகுதிகள் உண்டு. பந்தைப் பெற்ற அணிக்கு நான்கு வாய்ப்புகள் வழங்கப்படும். அவற்றிற்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும்; தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும். எதிரணியின் இலக்குப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது 'டச்டவுன்' எனப்படும். அதற்கு ஆறு புள்ளிகள். பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே செலுத்தினால் மூன்று புள்ளிகள்.

இவ்வாட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் இடம் தனித்தன்மை உடையது. தன் அணியின் கையில் பந்து இருக்கும்போது ஏறத்தாழ ஒவ்வொரு முயற்சியும் அவர் கையிலிருந்தே தொடங்குகிறது. பந்தை எறிவதா, அருகிலிருப்பவரிடம் கொடுப்பதா, தாமே ஏந்தி ஓடுவதா என்பதை அவர் சில நொடிகளில் துணிய வேண்டும். ஆகவே பதினொருவர் ஆடிய ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் அவர் ஒருவர் பெயரிலேயே எழுதும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. மற்ற வீரர்களுக்கு இத்தகைய வெற்றி தோல்விக் கணக்கு எழுதப்படுவதில்லை.

இங்கு மற்றொன்றையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும். அவர் எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் பணியில் ஈடுபடுவதில்லை. எதிரணியிடம் பந்து இருக்கும் நேரம் முழுவதும் அவர் எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்று பார்ப்பவரே. தம் கையில் இல்லாத பாதி ஆட்டத்திற்கும் அவரே பொறுப்பாளர் ஆகிறார் என்னும் இம்முரண், நாம் மேலே காணவிருக்கும் வரலாறுகளுக்கெல்லாம் திறவுகோலாகும்.

மரபுப் போட்டி என்பது

அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்று ஒரு பருவத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றுள் ஒன்று, பெரும்பாலும் நவம்பர் மாத இறுதிச் சனிக்கிழமையன்று, பரம்பரை எதிரணியோடு நடைபெறும். தரைப்படை அதிகாரிகளைப் பயிற்றும் வெஸ்ட் பாயிண்ட் கல்விக்கழகமும், கடற்படை அதிகாரிகளைப் பயிற்றும் அனாபொலிஸ் கல்விக்கழகமும் முதன்முதலில் மோதியது 1890ஆம் ஆண்டில். அலபாமா, ஆபர்ன் பல்கலைக்கழகங்களின் போட்டி 1893இல் தொடங்கிற்று. இடையில் ஏற்பட்ட பிணக்கால் 1907க்குப்பின் 1948 வரை அவ்விரு அணிகளும் ஆடவே இல்லை. ஒரே மாநிலத்தவர் நாற்பது ஆண்டுகள் முகம் கொடாதிருந்த பகை அது. மிச்சிகன், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக அணிகள் 1897இல் முதன்முதலாகச் சந்தித்தன. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1835இல், டொலீடோ நகரை ஒட்டிய எல்லைப் பகுதி யாருக்கு உரியது என்று அவ்விரு நிலத்தாரும் படைதிரட்டி நின்றனர் என்பது வரலாறு.

இப்போட்டிகளைச் சுற்றிச் சடங்குகள் பல வளர்ந்துள்ளன. மிச்சிகனோடு ஆடும் வாரத்தில் ஒஹையோ பல்கலைக்கழக வளாகப் பலகைகளில் 'எம்' என்னும் எழுத்தின்மீது சிவப்பு நாடாவால் பெருக்கற்குறி இட்டு மறைப்பர். தரைப்படை, கடற்படை அணிகள் ஆடி முடித்தபின் இரு அணியினரும் சேர்ந்து நின்று இரு கல்விக்கழகப் பண்களையும் பாடுவர். தோற்ற அணியின் பண் முதலிலும் வென்ற அணியின் பண் இரண்டாவதாகவும் இசைக்கப்படும். 'இரண்டாவதாகப் பாடுவது' என்பதே அங்கு வெற்றிக்கு மறுபெயராக வழங்குகிறது. பகைவனின் பண்ணிற்கும் எழுந்து நின்று மதிப்பளிக்கும் இவ்வழக்கம், போட்டி எவ்வளவு கடுமையாயினும் பண்பாட்டிற்கு உட்பட்டதே என்பதைக் காட்டுகிறது.

ஒரு நாள் ஆட்டத்திற்கு ஏன் இத்துணை வலிமை?

இதற்குரிய காரணங்களை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, வாய்ப்புகளின் அருமை. ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்களே ஆட இயலும். முதலாண்டுகளில் மூத்தவர்க்கு வழிவிட்டு நிற்போரே மிகுதி. எனவே மரபுப் போட்டியில் அணியை நடத்தும் வாய்ப்பு இரண்டு அல்லது மூன்று முறையே கிடைக்கும். தொழில்முறை ஆட்டக்காரர் பதினைந்து ஆண்டுகளில் தம் தோல்விகளைச் சரிசெய்துகொள்ளலாம். மாணவருக்கு அத்தகைய நாள் இல்லை. பட்டம் பெற்றவுடன் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது, எதிரியின் நிலைபேறு. மற்ற எதிரணிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மரபு எதிரணி மாறுவதில்லை. ஆகவே தாத்தா காலத்துக் குவார்ட்டர்பேக்கையும் பேரன் காலத்துக் குவார்ட்டர்பேக்கையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அவ்வாட்டம் ஒன்றே பொது அளவுகோலாகிறது.

மூன்றாவது, நினைவு கொள்வோரின் வாழ்க்கை. எதிரணியின் ஆதரவாளர் தொலைவில் இருப்பவர் அல்லர். அடுத்த வீட்டிலும் அதே அலுவலகத்திலும் சில வேளைகளில் அதே குடும்பத்திலும் இருப்பவர். தோற்ற அணியினர் அடுத்த ஆட்டம் வரும்வரை ஓராண்டு அவர்தம் ஏளனத்தைப் பொறுத்தாக வேண்டும். அந்த ஓராண்டுப் பேச்சில் வீரரின் பெயர் நாள்தோறும் அடிபடுகிறது.

நான்காவது, எளிமை. எறிந்த பந்துகளின் விழுக்காடும் கெஜக் கணக்கும் வல்லுநர் மட்டுமே நினைவில் வைப்பவை. 'மூன்று முறை ஆடினார். மூன்று முறையும் வென்றார்' என்பதைச் சிறுவனும் மறவான். செய்தி எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நீண்ட நாள் அது வாழ்கிறது.

டென்னசி: மேனிங்கும் மார்ட்டினும்

இவ்வளவுகோலின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே காட்டவல்ல சான்று பெய்ட்டன் மேனிங்கின் வரலாறு. 1994 முதல் 1997 வரை டென்னசி பல்கலைக்கழகத்திற்காக ஆடியவர் அவர். மூன்றே ஆண்டுகளில் பட்டப்படிப்பை முடித்த அவர், பெரும் பொருள் தரும் தொழில்முறை ஆட்டத்திற்கு உடனே செல்லாமல், நான்காம் ஆண்டும் கல்லூரியிலேயே தங்கினார். குவார்ட்டர்பேக்காகத் தொடக்கம் முதல் களமிறங்கிய 45 ஆட்டங்களில் 39இல் வெற்றி, தோல்வி ஆறே. அந்த ஆறில் மூன்று புளோரிடா பல்கலைக்கழகத்திடம் அடைந்தவை. 1995, 1996, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் புளோரிடாவை வெல்லவில்லை.

அத்தோல்விகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1995இல் டென்னசி 30-14 என முன்னணியில் இருந்தது. அதன்பின் புளோரிடா இடைவிடாமல் 48 புள்ளிகள் எடுத்து 62-37 என வென்றது. எதிரணி 62 புள்ளிகள் எடுக்கும்போது குவார்ட்டர்பேக் செய்யக்கூடியது என்ன? 1996இல் தொடக்கத்திலேயே புளோரிடா 35-0 என ஓங்கிவிட்டது. அன்று மேனிங் எறிந்த பந்துகளுள் நான்கு எதிரணியாரால் இடைமறிக்கப்பட்டன. அது அவர் குறையே. ஆயினும் அவர் மனம் தளராமல் மொத்தம் 492 கெஜம் எறிந்து அணியை 35-29 என்னும் அளவிற்கு மீட்டுக் கொணர்ந்தார். 1997இல் 33-20 என மீண்டும் தோல்வி. அவ்வாண்டு மாநாட்டுக் கோப்பையை டென்னசி வென்றும் 'புளோரிடாவை வெல்லாதவர்' என்னும் சொல் மேனிங்கை விட்டு அகலவில்லை. நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரருக்கு 1935 முதல் வழங்கப்படும் ஹைஸ்மன் விருதும் அவ்வாண்டு மிச்சிகனின் சார்லஸ் உட்சனுக்குச் சென்றது. மேனிங் இரண்டாமிடம் பெற்றார்.

1998இல் மேனிங் சென்றபின் அவ்விடத்திற்கு வந்தவர் டீ மார்ட்டின். அவ்வாண்டு செப்டம்பரில் டென்னசி, புளோரிடாவைக் கூடுதல் நேரத்தில் 20-17 என வென்றது. எதிரணியின் உதை இலக்குத் தவறியதும் ஆட்டம் முடிந்தது. அன்று மார்ட்டின் எறிந்து சேர்த்தது நூறு கெஜத்திற்கும் குறைவே. தற்காப்பு வீரர்கள் எதிரணியிடமிருந்து மீண்டும் மீண்டும் பந்தைப் பறித்ததே வெற்றிக்கு வழிவகுத்தது. அப்பருவத்தில் டென்னசி ஓர் ஆட்டமும் தோற்காமல் தேசிய வாகையைச் சூடியது. 492 கெஜம் எறிந்தவர் கணக்கில் தோல்வியும், நூறு கெஜத்தை எட்டாதவர் கணக்கில் வெற்றியும் எழுதப்பட்டதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ட்டினின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. நெருக்கடியில் நிலைகுலையாமல் அணியை நடத்தியதும் திறமையே. இருவரின் தகுதியையும் அந்த ஓர் ஆட்டத்தின் முடிவால் மட்டும் அளந்தால் தராசு தடுமாறும் என்பதே நாம் சுட்ட விழைவது.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. டென்னசியின் பழம்பெரும் பகையணி அலபாமாவே. புளோரிடாவோடு ஆண்டுதோறும் மோதும் நிலை, தென்கிழக்கு மாநாடு இரு பிரிவாகப் பகுக்கப்பட்ட 1992க்குப் பின்னரே உறுதியாயிற்று. 1986 முதல் 1994 வரை ஒருமுறைகூட அலபாமாவை வெல்ல இயலாத டென்னசிக்கு, 1995இல் முதல் முயற்சியிலேயே 80 கெஜ டச்டவுன் எறிந்து 41-14 என வெற்றி தேடித் தந்தவர் மேனிங். அடுத்த ஈராண்டுகளிலும் அவ்வணியை வென்றார். பழம்பகையை மும்முறை வென்றது பின்னுக்குப் போய், புதுப்பகையிடம் மும்முறை தோற்றது முன்னுக்கு வந்துவிட்டது. மக்கள் நினைவு வரலாற்றின் பழமையை விட, அன்று பட்டத்திற்கு வழி மறித்து நின்றவர் யார் என்பதையே பெரிதாக எண்ணுகிறது என்பது இதனால் புலனாகிறது.

தரைப்படையும் கடற்படையும்

இரண்டாவது சான்று 1963ஆம் ஆண்டிற்குரியது. கடற்படை அணியின் குவார்ட்டர்பேக் ரோஜர் ஸ்டாபாக். அவ்வாண்டின் ஹைஸ்மன் விருதினர் அவரே. தரைப்படை அணியை நடத்தியவர் ராலி ஸ்டிச்வே. அவ்வாண்டு நவம்பர் 22இல் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதால் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டு, டிசம்பர் 7இல் பிலடெல்பியா நகரில் நடைபெற்றது. கென்னடி கடற்படையில் பணியாற்றியவர் என்பதால் அன்றைய களத்தில் துயரமும் போட்டியும் கலந்து நின்றன.

கடற்படை 21-7 என முன்னிலை பெற்றது. ஸ்டிச்வே தாமே பந்தேந்தி ஓடி ஒரு டச்டவுனும் கூடுதல் இரு புள்ளிகளும் சேர்த்து 21-15 ஆக்கினார். ஆடிய காட்சியை உடனே மீண்டும் காட்டும் முறை தொலைக்காட்சியில் முதன்முதலாகக் கையாளப்பட்டது அவருடைய அந்த டச்டவுனுக்கே. அடுத்து உதைக்கப்பட்ட பந்தையும் அவரே கைப்பற்றி, எதிரணி இலக்கிற்கு இரண்டு கெஜத் தொலைவு வரை அணியைக் கொண்டுசென்றார். கூட்டத்தின் பேரிரைச்சலில் அவர் குரல் தன் அணியினர்க்கே கேட்கவில்லை. அடுத்த முயற்சியைத் தொடங்குமுன் நேரம் முடிந்துவிட்டது. இரண்டு கெஜம் ஒருவரை வெற்றியாளராகவும் மற்றவரைத் தோற்றவராகவும் பிரித்துவிட்டது.

ஆயினும் மறு ஆண்டு, 1964இல், தரைப்படை 11-8 என வென்றது. 1958க்குப்பின் அவ்வணி கடற்படையை வென்றது அப்போதுதான். தம் இறுதி வாய்ப்பில் ஸ்டிச்வே தம் பெயரை மீட்டுக்கொண்டார். பின்னர் ஸ்டாபாக், ஸ்டிச்வே இருவருமே வியட்நாமில் படைப்பணி ஆற்றினர், நண்பர்களாகவும் ஆயினர். ஸ்டாபாக் தொழில்முறை ஆட்டத்திலும் பெரும்புகழ் ஈட்டினார். ஸ்டிச்வேயின் பெயர் நாடறிந்ததாக வளரவில்லை. எனினும் வெஸ்ட் பாயிண்ட் வரலாற்றில் அவருக்கு இடம் தந்தது 1964ஆம் ஆண்டின் அந்த வெற்றியே. பரவலான புகழைப் பெறாதவருக்கும் தன் ஊரில் அழியாத இடம் தரவல்லது மரபுப் போட்டி என்பதற்கு அவர் சான்று.

இதே வரிசையில் கடற்படையின் கீனன் ரெனால்ட்ஸ் குறிப்பிடத்தக்கவர். 2012 முதல் 2015 வரை நான்கு ஆண்டுகளும் தரைப்படையை வென்ற குவார்ட்டர்பேக் அவர். அவ்வளவு நெடிய வரலாற்றில் வேறெவர்க்கும் அதற்குமுன் வாய்க்காத பேறு அது.

ஒரே நொடியில் உறையும் உருவம்

அலபாமா, ஆபர்ன் போட்டி வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 2010 நவம்பரில் ஆபர்ன் அணி 24-0 எனப் பின்தங்கியிருந்தது. கேம் நியூட்டன் தலைமையில் அவ்வணி எழுந்து 28-27 என வென்றது. நியூட்டன் ஆபர்னில் ஆடியது ஒரே பருவம். ஆயினும் அவ்வாண்டின் ஹைஸ்மன் விருதும் தேசிய வாகையும் அவர் வசமாயின. அரங்கின் வெளியே அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டுள்ளது.

ஏ.ஜே. மெக்கேரனின் நிலை இதற்கு நேர்மாறானது. 2011, 2012 ஆகிய இரு பருவங்களிலும் அலபாமாவிற்குத் தேசிய வாகை ஈட்டித் தந்தவர். அவ்விரு ஆண்டுகளிலும் ஆபர்னை வென்றவர். 2013 ஆட்டத்தில் 99 கெஜ டச்டவுன் ஒன்றையும் எறிந்தார். ஆட்டம் 28-28 எனச் சமநிலையில் நின்றபோது, இறுதி நொடியில் அலபாமா 57 கெஜத் தொலைவிலிருந்து பந்தை உதைத்தது. இலக்கை எட்டாத அப்பந்தை ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் பற்றிக்கொண்டு களத்தின் முழு நீளமும் ஓடி வெற்றியைப் பறித்துச் சென்றார். உதைத்தவரும் வேறு, ஓடியவரும் வேறு, அந்நொடியில் மெக்கேரன் எல்லைக்கோட்டிற்கு வெளியே நின்றிருந்தார். இருப்பினும் ஆபர்னுக்கு எதிரான அவரது கடைசி ஆட்டம் என்றால் மக்கள் கண்முன் வருவது அந்த ஓட்டமே. இரு வெற்றிகள் கணக்கேட்டில் இருக்கின்றன. ஒரு தோல்வி காட்சியாக இருக்கிறது. கணக்கேட்டைக் காட்டிலும் காட்சிக்கே நினைவில் வலிமை மிகுதி.

ஒஹையோ: பொற்காற்சட்டையும் வாகை மோதிரமும்

ஒஹையோ அணியில் 1934 முதல் ஒரு வழக்கம் உண்டு. மிச்சிகனை வென்ற ஆண்டில் அணியினர் ஒவ்வொருவர்க்கும் காற்சட்டை வடிவிலான சிறு பொற்பதக்கம் வழங்கப்படும். மிச்சிகன் வீரரும் நம்மைப் போல் ஒவ்வொரு காலாகக் காற்சட்டை அணிபவர்தாமே என்னும் பொருளில் அன்றைய பயிற்சியாளர் பிரான்சிஸ் ஷ்மித் சொன்ன சொல்லிலிருந்து எழுந்த பழக்கம் இது. நகக்கண் அளவேயான இப்பதக்கம் ஒருவரிடம் எத்தனை உள்ளது என்பதே அவ்வூரில் அவருடைய மதிப்பு.

இவ்வணியின் குவார்ட்டர்பேக்குகள் மூவரை ஒப்பிட்டுக் காண்பது நம் ஆய்விற்குப் பெரிதும் துணைசெய்யும்.

ட்ராய் ஸ்மித், 2004, 2005, 2006 ஆகிய மூன்றாண்டுகளும் மிச்சிகனை வென்றார். 2006 நவம்பர் 18இல் நாட்டின் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் இருந்த இவ்விரு அணிகளும் மோதின. அதற்கு முந்தைய நாள்தான் மிச்சிகனின் புகழ்பெற்ற பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் மறைந்திருந்தார். ஸ்மித் நான்கு டச்டவுன்கள் எறிந்து 42-39 எனத் தம் அணியை வெல்லச் செய்தார். ஹைஸ்மன் விருதும் பெற்றார். ஆனால் 2007 ஜனவரியில் தேசிய வாகைக்கான ஆட்டத்தில் புளோரிடாவிடம் 41-14 எனப் படுதோல்வி. அன்று அவர் எறிந்து சேர்த்தது 35 கெஜம் மட்டுமே.

சி.ஜே. ஸ்ட்ரவுட், 2021, 2022 பருவங்களில் 85 டச்டவுன்கள் எறிந்தவர். 2021இல் மிச்சிகனுக்கு எதிராக 394 கெஜம் எறிந்தும் 42-27 எனத் தோல்வி. 2022இல் 45-23 எனத் தோல்வி. இரண்டு ஆட்டங்களிலும் எதிரணி நாற்பது புள்ளிகளுக்கு மேல் எடுத்தது. பந்தெறியும் திறனில் அப்பல்கலைக்கழகம் கண்ட தலைசிறந்தோருள் ஒருவரான அவர், குவார்ட்டர்பேக்காக மிச்சிகனை வெல்லாமலே விடைபெற்றார்.

வில் ஹவர்ட், கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து 2024இல் ஒரே பருவம் ஆடியவர். அவ்வாண்டு நவம்பர் 30இல், தரவரிசையிலேயே இடம்பெறாத மிச்சிகனிடம் 13-10 எனத் தோற்றார். அவர் எறிந்த இரண்டு பந்துகள் இடைமறிக்கப்பட்டன. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி அது. அன்றோடு அவர் பெயர் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அவ்வாண்டு முதல் தேசிய வாகைக்கான சுற்றில் பன்னிரண்டு அணிகள் இடம்பெற்றதால் ஒஹையோவிற்கு மறுவாய்ப்புக் கிட்டியது. ஹவர்ட் தலைமையில் டென்னசி, ஆரெகன், டெக்சஸ் ஆகிய அணிகளை வென்று, 2025 ஜனவரி 20இல் நாட்டர்டாம் அணியை 34-23 என வீழ்த்தி ஒஹையோ வாகை சூடியது.

ஸ்மித்திடம் பொற்காற்சட்டை உண்டு. வாகை மோதிரம் இல்லை. ஹவர்டிடம் வாகை மோதிரம் உண்டு, பொற்காற்சட்டை இல்லை. யார் பெரியவர் என்று ஒஹையோ மக்களைக் கேட்டால் ஒரே விடை கிடைக்காது. தேசிய வாகையைவிட மிச்சிகனை வெல்வதே மேல் எனத் துணிந்து கூறும் முதியோர் அங்கு உளர். இது அறிவிற்குப் பொருந்துமா எனின், நாட்டின் மதிப்பீடு வேறு, ஊரின் மதிப்பீடு வேறு என்பதே விடை.

காலமாற்றம் தரும் புதுச் சிக்கல்

முன்பெல்லாம் நவம்பர்த் தோல்வி பருவத்தையே முடித்துவிடும். பன்னிரண்டு அணிச் சுற்று வந்தபின் தோற்றவர்க்கும் வழி உண்டு. அன்றியும், 2021 முதல் மாணவ வீரர் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மற்றொன்றிற்கு மாறி உடனே ஆடுவது எளிதாகிவிட்டது. தம் பெயரால் விளம்பர வருவாய் ஈட்டவும் அவ்வாண்டே இசைவு கிடைத்தது. நான்காண்டுகள் ஒரே மண்ணில் நின்று தோற்று, கற்று, மீண்டெழும் ஸ்டிச்வே போன்றோரின் கதை இனி அருகலாம். ஒரே ஆண்டு ஆடிச் செல்வோர்க்கு மரபுப் போட்டியும் ஒன்றே. அதில் தோற்றால் சரிசெய்ய அடுத்த ஆண்டு இல்லை. எனவே மரபுப் போட்டியின் விளைவு பருவத்திற்குக் குறைந்தும், தனி வீரர்க்குக் கூடியும் நிற்கும் விந்தையை இன்று காண்கிறோம்.

தீர்ப்பு முறையானதா?

இதுகாறும் கண்டவற்றால் மரபுப் போட்டியின் தீர்ப்பில் மூன்று குறைகள் தெளிவாகின்றன. அது பதினொருவரின் செயலை ஒருவர் தலையில் ஏற்றுகிறது. ஒருவர் செய்ததையும் அவர்க்கு நேர்ந்ததையும் பிரித்தறிவதில்லை. பல ஆண்டு உழைப்பை ஒரு காட்சிக்குள் அடக்கிவிடுகிறது. இச்சுமையைத் தாங்குவோர் பத்தொன்பது முதல் இருபத்திரண்டு அகவைக்கு உட்பட்ட மாணவர்கள் என்பதை நினைக்கும்போது, இக்குறைகள் வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

எனினும் அத்தீர்ப்பை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. கல்லூரி அணி, மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் ஊராரும் தம்முடையது எனக் கருதும் ஓர் உடைமை. அவர்கள் எதைத் தம் உள்ளத்திற்கு நெருக்கமாகக் கொள்கிறார்களோ அதில் வென்றவரையே அவர்கள் தம்மவராகப் போற்றுவது இயல்பு. புகழ் என்பது பெறுபவரின் தகுதியால் மட்டும் அமைவதன்று. கொடுப்பவரின் அன்பாலும் அமைவது. அவ்வன்பிற்கு மரபுப் போட்டியே வாயில்.

இங்கு மேனிங்கின் பிற்கால வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது. டென்னசி பல்கலைக்கழகம் அவர் அணிந்த 16ஆம் எண்ணை வேறெவரும் அணியாதவாறு 2005இல் சிறப்புச் செய்தது. அரங்கின் அருகே அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. மார்ட்டின் பெயரிலும் ஒரு சாலை உண்டு. வெல்லாதவரையும் வென்றவரையும் ஒருசேர மதிக்கும் அந்நகரம், மரபுப் போட்டியின் முடிவை மறந்துவிடவில்லை. அதனை மேனிங் வரலாற்றின் ஒரு பத்தியாக வைத்ததேயன்றி, முழு நூலாகக் கொள்ளவில்லை.

முடிவுரை

மரபுப் போட்டி ஒரு குவார்ட்டர்பேக்கின் புகழுக்கு வடிவம் தருகிறது. அதன் அளவைத் தருவதில்லை. அவரைப் பற்றிச் சொல்லப்படும் முதல் வாக்கியம் அவ்வாட்டத்திலிருந்து பிறக்கிறது. அடுத்து வரும் வாக்கியங்களை அவருடைய உழைப்பும், கல்வியும், தோல்விக்குப்பின் எழுந்து நின்ற முறையும் எழுதுகின்றன. முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுவோர் மேனிங்கையும் ஸ்ட்ரவுட்டையும் தோற்றவராகவே அறிவர். தொடர்ந்து படிப்போர்க்கே முழு மனிதர் புலப்படுவார்.

இளைஞரின் வெற்றி தோல்விகளைப் பேசும் பொறுப்பு எந்நாட்டிலும் மூத்தோர் கையிலேயே உள்ளது. ஒரு நாளின் முடிவைச் சொல்லும்போது அந்நாளில் அவர் செய்தது எது, அவர்க்கு நேர்ந்தது எது எனப் பிரித்துச் சொல்வது அவர்தம் கடன். மாணவர்க்கோ ஸ்டிச்வேயின் வரலாறு ஒன்றே போதும். இரண்டு கெஜத் தொலைவில் தவறிய வெற்றியைப் பற்றிப் புலம்பாமல் அவர் மறு ஆண்டு மீண்டும் களமிறங்கினார். அன்று தரைப்படையின் பண் இரண்டாவதாகப் பாடப்பட்டது.